கார் கவர்: காப்பதும் கீறுவதும்

ஒரு சராசரிக் காரின் எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோ. அதன் தோற்றத்தையும் மறுவிற்பனை மதிப்பையும் பெருமளவு தீர்மானிக்கும் பெயிண்டின் தடிமனோ, ஆலையிலிருந்து வெளிவரும்போது, பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் வரைதான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் விட்டம் சுமார் 70 மைக்ரான் என்பதால், இரண்டு முடிகளின் தடிமனுக்குள் அடங்கிவிடும் ஒரு படலமே வெயில், மழை, உப்புக்காற்று, பறவை எச்சம், தெருத்தூசி ஆகிய அனைத்தையும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் படலத்தைக் காப்பதற்காகவே, கார் வாங்கிய வாரத்திலேயே பலரும் ஒரு கவரையும் வாங்கிவிடுகிறார்கள். கவர் போட்டால் பெயிண்ட் நெடுநாள் நிற்கும் என்பது உரிமையாளர்களின் நம்பிக்கை. கவர் போட்டே பெயிண்டைக் கெடுத்துக்கொண்டார்கள் என்பது பாலிஷ் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார். இரண்டு தரப்பும் சொல்வது உண்மையே. ஒரு தரப்பு வெயிலைக் கருதிப் பேசுகிறது, மற்றது உரசலைக் கருதிப் பேசுகிறது. இந்த இரண்டு சேதங்களும் எப்படி நிகழ்கின்றன, ஒன்று மற்றொன்றை எப்படித் தூண்டுகிறது என்பதை அறிந்த பின்னரே கவர் தேவையா என்ற கேள்விக்கு விடை காண முடியும்.

நான்கு அடுக்குகள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே நிறமாகத் தெரியும் பெயிண்ட், உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட நான்கு அடுக்குகளின் தொகுப்பு. துத்தநாகப் பூச்சும் பாஸ்பேட் பதமும் பெற்ற எஃகு உடல் முழுவதும் முதலில் ஒரு பெரிய தொட்டியில் அமிழ்த்தப்பட்டு, மின்சாரம் செலுத்தப்படும்போது, தொட்டியிலுள்ள எப்பாக்சிப் பிசின் கதவின் உள்மடிப்புகள் வரை சென்று 20 மைக்ரான் அளவுக்குப் படிகிறது; துருவைத் தடுப்பது இந்த அடுக்கின் வேலை. அதன்மேல் மேடுபள்ளங்களை நிரப்பும் பிரைமர், அதற்கும் மேல் நிறம் தரும் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’ என்னும் தெளிபூச்சு என்று வரிசை முடிகிறது. நிற அடுக்கு பெரும்பாலும் 20 மைக்ரானைத் தாண்டுவதில்லை. தெளிபூச்சு 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். காரைத் தொடும் விரல் தொடுவதும், கண்ணில் படும் பளபளப்பும், கீறல்களில் மிகப் பெரும்பாலானவை விழுவதும் இந்தத் தெளிபூச்சின் மீதுதான்.

இந்த ஏற்பாடு மோட்டார் வாகன வரலாற்றில் காலம் தாழ்த்தி வந்தது. 1920களின் தொடக்கம் வரை வார்னிஷ் வகைப் பூச்சுகளை அடுக்கடுக்காகப் பூசி உலரவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1923இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு, டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைப் பயன்படுத்திய பிறகு அந்தக் காலம் வெகுவாகச் சுருங்கியது. ஆயினும் அதிலும், அதற்குப் பின் வந்த எனாமல்களிலும், நிறமித் துகள்கள் மேற்பரப்பிலேயே வெயிலுக்கு நேராக நின்றன. வெள்ளை நிறமியாகிய டைட்டானியம் டை ஆக்சைடு, புற ஊதாக் கதிரை உட்கொண்டு தன்னைச் சூழ்ந்த பிசினையே சிதைக்கும் வினையூக்கியாகவும் செயல்படக்கூடியது. பழைய வெள்ளைக் கார் ஒன்றின் பானட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் விரல்நுனியில் மாவு போல ஒட்டிக்கொள்ளும் பொடி இப்படிப் பிசின் அழிந்து விடுபட்ட நிறமியே. துறையினர் இதைச் சுண்ணமாதல் என்கின்றனர். கவர் போடாத கார் வெளுத்துவிடும் என்ற அறிவுரை அந்தத் தலைமுறைப் பூச்சுகளைப் பொறுத்தவரை முற்றிலும் சரியானது. 1970களில் ஐரோப்பாவிலும், 1980களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தெளிபூச்சு பரவலான பிறகு கார்கள் மாறிவிட்டன. அறிவுரை மட்டும் மாறாமல் தொடர்கிறது.

வெயில் செய்யும் வேலை

சூரிய ஒளியில் தரையை வந்தடையும் புற ஊதாக் கதிர்களின் அலைநீளம் ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரை. அதற்கும் குறைந்த அலைநீளமுள்ள கதிர்களை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல். பிசினின் முதுகெலும்பாக அமையும் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 350 கிலோஜூல் போதுமானது. பிணைப்பு அறுபடும் இடத்தில் இணையில்லாத எலக்ட்ரானைத் தாங்கிய ‘தனி உறுப்பு’ ஒன்று பிறக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அடுத்த மூலக்கூறைத் தாக்க, அங்கே இன்னொரு தனி உறுப்பு பிறக்க, சேதம் சங்கிலியாக நீள்கிறது. காலப்போக்கில் பூச்சு நெகிழ்ச்சியை இழந்து, மங்கி, வெடித்து, இறுதியில் வெள்ளைத் திட்டுகளாக உரிகிறது.

இதைத் தடுக்கும் கருவிகள் தெளிபூச்சின் உள்ளேயே கலக்கப்பட்டிருக்கின்றன. பென்சோட்ரையசோல், ட்ரையசின் வகைச் சேர்மங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சித் தீங்கற்ற வெப்பமாக வெளியேற்றுகின்றன. அவற்றையும் மீறி உருவாகும் தனி உறுப்புகளை அமைன் வகை நிலைப்படுத்திகள் பிடித்துச் செயலிழக்கச் செய்கின்றன. இந்த இரண்டாம் வகை, ஒரு தனி உறுப்பை அடக்கிய பின் மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பி அடுத்ததை அடக்கும் திறன் கொண்டதாகையால் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. ஈர வெப்பம் மிகுந்த தெற்கு ஃப்ளோரிடாவிலும், வறண்ட வெப்பம் மிகுந்த அரிசோனா பாலைவனத்திலும் பெயிண்ட் பூசிய தகடுகளை ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் நிறுத்திச் சோதித்த பிறகே இத்தகைய பூச்சுகள் ஆலைக்குச் செல்கின்றன. எனவே இக்காலக் காரின் பெயிண்ட், கவர் இல்லாமலேயே வெயிலைப் பல ஆண்டுகள் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது.

ஆயினும் சென்னை போன்ற நகரத்தின் வெயிலைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 13 பாகை வட அட்சத்தில் அமைந்த அந்நகருக்கு நேர் உச்சியில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் வருகிறது. ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 11 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. இதனால் கூரை, பானட், டிக்கி ஆகிய கிடைமட்டப் பரப்புகள் கதிரை நேராக வாங்க, கதவுகளோ சாய்வாக மட்டுமே வாங்குகின்றன. பழைய கார்களில் கதவு நன்றாக இருக்கையில் கூரை மட்டும் உரிந்து நிற்பதற்கு இதுவே காரணம். அடர்நிறக் கார் ஒன்றின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 70 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். வெப்பம் கூடக்கூட மேற்சொன்ன வேதிவினைகளின் வேகமும் கூடுகிறது. நல்ல கவர் ஒன்று கதிரை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும் என்பதில் ஐயமில்லை. பாலிகார்பனேட்டால் ஆன முகப்பு விளக்குகள் மஞ்சளாவதையும், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடிப்பதையும், டேஷ்போர்டு வெளிறுவதையும் அது தள்ளிப்போடுகிறது. வெயிலை மட்டும் கணக்கில் எடுத்தால் கவரின் பக்கம் தீர்ப்பு எளிதாகச் சாய்ந்துவிடும்.

மேலிருந்து விழுபவை

கவரின் பயன் மிகத் தெளிவாக வெளிப்படும் இன்னொரு இடம், மரத்தடியில் நிற்கும் கார். பறவைகள் சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. எச்சத்தின் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் யூரிக் அமிலமே. அதோடு செரிமான நொதிகளும் கலந்திருக்கின்றன. ஈரானின் அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணைய நொதிகளின் கலவையாகிய பான்கிரியாட்டினையும் இயற்கையான எச்சத்தையும் தெளிபூச்சுத் தகடுகளில் இட்டு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்த வகையில் பூச்சைச் சிதைப்பதைக் காட்டினார்கள். இந்த வேதித்தாக்குதலுடன் ஓர் இயற்பியல் விளைவும் சேர்ந்துகொள்கிறது. தெளிபூச்சு வெயிலில் சூடாகும்போது இளகிச் சற்றே விரிகிறது. அதன்மேல் காய்ந்து இறுகிய எச்சம் விரிவதில்லை. மாலையில் பூச்சு குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் கரடுமுரடான அடிப்பாகத்தின் அச்சு அதில் பதிந்துவிடுகிறது. எச்சத்தைத் துடைத்த பிறகும் அதே வடிவில் ஒரு மங்கல் தங்கிவிடுவது இதனால்தான்.

தமிழகத் தெருக்களில் நிழலுக்காகப் பெரிதும் நாடப்படும் தூங்குமூஞ்சி மரம், சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பான பிசுபிசுப்பைக் கீழே நிற்கும் கார்களின் மேல் தூவுகிறது. துடைக்காமல் விட்டால் அதில் கரும்பூசணம் படர்கிறது. வேம்பின் பிசின், புங்கையின் பூ உதிர்வு ஆகியவையும் இவ்வகையே. நிழல் தரும் மரம் வெயிலைக் குறைத்து எச்சத்தையும் பிசினையும் கூட்டுகிறது என்பதை மரத்தடியில் கார் நிறுத்துவோர் அறிவர்.

அமிலம் கலந்த ஈரமும் மேலிருந்தே வருகிறது. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம், அமில அரிப்பை எதிர்கொள்ளும் பூச்சுகளைக் கோடை மாதங்களில் சோதிக்கும் களமாகவே துறையினரிடையே பெயர்பெற்றது. மெலமின் பிசினால் குறுக்கே இணைக்கப்பட்ட தெளிபூச்சில், அமிலத் துளி ஒன்று வெயிலில் வற்றிச் செறிவடையும்போது அந்த இணைப்புகள் நீரால் பகுக்கப்பட்டுச் சிறு பள்ளங்கள் தோன்றுகின்றன. சென்னையில் போர் தண்ணீரால் கழுவிய காரை வெயிலில் உலரவிட்டால் தோன்றும் வெள்ளை வட்டங்களும் ஓரளவுக்கு இதே வழியில் உருவாகின்றன. அங்கே அமிலத்துக்குப் பதிலாகக் கால்சியம் உப்புகள் துளியின் விளிம்பில் செறிந்து படிகின்றன. எச்சம், பிசின், துளி ஆகிய மூன்றும் விழுந்த சில மணி நேரத்தில் அகற்றப்பட வேண்டியவை. நாள்தோறும் கவனிக்க ஆளில்லாத காருக்குக் கவரைவிட எளிய காப்பு இல்லை.

தூசி என்னும் உப்புத்தாள்

இதுவரை கூறியவை அனைத்தும் கவருக்குச் சாதகமானவை. எதிர்வாதம் முழுவதும் ஒரே ஓர் உண்மையில் அடங்கியுள்ளது: தெருவில் ஓடிவந்து நிற்கும் காரின்மேல் போடப்படும் கவர், பெயிண்டின் மீது படுவதற்கு முன் அதன்மேல் படிந்துள்ள தூசியின் மீது படுகிறது.

தெருத்தூசியின் பெரும்பகுதி மணலின் நுண்துகள்களே. மணலின் முதன்மைக் கனிமம் குவார்ட்ஸ். 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்த, எது எதைக் கீறும் என்பதை அடிப்படையாகக் கொண்ட கடின அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. சன்னல் கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ 5.5. கண்ணாடியையே கீறவல்ல துகளுக்கு, அதைவிட மிக மென்மையான நெகிழிப் படலமாகிய தெளிபூச்சு எவ்வகையிலும் ஈடாகாது. கட்டடப் பணிகளிலிருந்து வரும் சிமெண்ட் தூள், அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஆகியவையும் கடினத்தில் இளைத்தவை அல்ல. தூசிக்கும் பெயிண்டுக்கும் மேலாக ஒரு துணி இழுக்கப்படும்போது, மரவேலைக்காரர் உப்புத்தாளால் பலகையைத் தேய்ப்பதற்கு ஒப்பான செயலே நடைபெறுகிறது. அழுத்தம் மட்டும் குறைவு.

இழுப்பது ஒருமுறை இருமுறை அல்ல. அலுவலகத்துக்கு நாள்தோறும் செல்லும் காருக்கு மாலையில் கவரைப் போட்டுக் காலையில் எடுத்தால் ஆண்டுக்கு 730 முறை துணி பெயிண்டின்மேல் நகர்கிறது. கவரின் அடிவிளிம்பில் தைக்கப்பட்டிருக்கும் எலாஸ்டிக் பகுதியைச் சற்று உற்றுக் கவனித்தால் சிக்கலின் அளவு விளங்கும். பம்பருக்குக் கீழே, தரைக்குச் சில அங்குல உயரத்தில் இரவு முழுவதும் தொங்கும் அந்தச் சுருக்கம், மழைச் சேற்றையும் மணலையும் தன் மடிப்புகளில் சேர்த்துக்கொள்கிறது. காலையில் முன்பம்பரிலிருந்து அதை விடுவித்துப் பின்னோக்கி ஒரே இழுப்பில் உருவும்போது, கவரின் மிக அழுக்கான பகுதி பானட், கண்ணாடி, கூரை, டிக்கி என்று காரின் நீளம் முழுவதையும் உரசியவாறே கடந்துசெல்கிறது. பிறகு அது சுருட்டப்படுகையில் வெளிப்பக்கத் தூசி உட்பக்கத்துக்கு மாறுகிறது. அன்று மாலை அதே தூசி பெயிண்டின்மேல் விரிக்கப்படுகிறது.

நிறுத்தி வைத்த நேரத்திலும் உரசல் ஓய்வதில்லை. காரின் வளைந்த கூரைக்கு மேலாகக் காற்று வேகம் கூடிச் செல்லும்போது அங்கே அழுத்தம் குறைந்து துணி மேலெழுகிறது. வேகம் தணிந்ததும் விழுகிறது. தளர்வான கவர் கடற்காற்றில் இரவெல்லாம் இப்படிப் படபடக்கும்போது, கூரையின் ஓரங்கள், டிக்கியின் மூலைகள், பக்கக் கண்ணாடிகளின் முனை, கதவுப் பிடிகள், ஆன்டெனாவின் அடி ஆகிய புடைத்த இடங்களில் மட்டும் தேய்மானம் குவிகிறது. பல மாதங்கள் கவருக்குள் நின்ற காரை வெளியே எடுத்துப் பார்த்தால், கதவுகளின் நடுப்பகுதி பளபளக்க, இந்தப் புடைப்புகள் மட்டும் பால்படர்ந்தது போல மங்கியிருப்பதைக் காணலாம்.

இத்தகைய நுண்கீறல்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மேல் ஆழம் கொண்டவை அல்ல. பரவலான வெளிச்சத்தில் அவை தெரிவதும் இல்லை. இருட்டில் கைப்பேசியின் டார்ச்சை பானட்டுக்கு மேலே பிடித்தால், ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்டவட்டமாகச் சிலந்திவலை விரியும். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிப்புள்ளியைச் சுற்றும் வட்டங்களுக்கு இணையாக அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமான வலையாகத் தோன்றுகிறது. டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்வது இதற்குச் சான்று. கறுப்புக் காரில் இந்த வலை பளிச்செனத் தெரியும். வெள்ளைக் காரில், நிற அடுக்கே பெரும் ஒளியைச் சிதறடிப்பதால், கீறல் சிதறடிக்கும் சிற்றொளி அதில் அமிழ்ந்துவிடும்.

கீறல் தோற்றக்குறை மட்டுமே என்று தள்ளிவிட இயலாததற்குக் காரணம், அதைப் போக்கும் முறையில் இருக்கிறது. பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது அன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள தெளிபூச்சைத் தேய்த்து எடுப்பதே. இயந்திரத்தால் கனமாகப் போடப்படும் ஒவ்வொரு பாலிஷும் ஒன்று முதல் மூன்று மைக்ரான் வரை எடுத்துவிடுகிறது. ஒரு படலம் உறிஞ்சும் கதிரின் அளவு அதன் தடிமனைப் பொறுத்தது. 40 மைக்ரான் தெளிபூச்சில் கால் பங்கு போய்விட்டால், மீதியிலுள்ள புற ஊதா உறிஞ்சிகளால் கீழேயுள்ள நிற அடுக்கை முன்போல் காக்க இயலாது. வெயிலுக்கு அஞ்சிப் போடப்பட்ட கவர் கீறலை உண்டாக்க, கீறலைப் போக்கப் போடப்பட்ட பாலிஷ் தெளிபூச்சை மெலியவைக்க, மெலிந்த தெளிபூச்சு வெயிலுக்கு விரைவில் இரையாகிறது. கவரின் நன்மையையும் தீமையையும் தனித்தனியே எடைபோடுவோர் தவறவிடும் தொடர்பு இது.

ஈரமும் உப்பும்

மார்கழி இரவில் மேகமற்ற வானத்தை நோக்கி அகச்சிவப்புக் கதிரை உமிழும் காரின் மெல்லிய தகடு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி நீராகப் படியும் வெப்பநிலையாகிய பனிநிலைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. விடியலில் பானட் நனைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. கவர் போட்ட காரில் வானத்தை நோக்கிக் குளிர்வது கவரின் மேற்பரப்பு. பனியும் பெரும்பாலும் அதன்மேலேயே படிகிறது. இந்த அளவில் கவர் நன்மையே செய்கிறது.

காரே நனைந்திருக்கையில் மூடினால் கணக்கு தலைகீழாகிறது. காற்று ஊடுருவாத கவருக்குள் சிக்கிய நீர், பகலில் ஆவியாகி, இரவில் துணியின் உட்புறத்திலும் தகட்டிலும் மீண்டும் நீராகி, வெளியேற வழியின்றி நாட்கணக்கில் சுழல்கிறது. பெயிண்ட் நீர்ப்புகாத் தடுப்பு என்று பொதுவாகக் கருதப்பட்டாலும் நீராவி அதனுள் மெல்ல ஊடுருவக்கூடியது. அடுக்குகளுக்கு இடையே உப்பின் சுவடு இருந்தால் சவ்வூடுபரவல் நீரை அங்கே இழுத்துச் சேர்த்து, சிறு கொப்புளங்களை எழுப்புகிறது. பழுதுபார்ப்பின்போது மீண்டும் பெயிண்ட் அடிக்கப்பட்ட பகுதிகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. ஆலையில் தெளிபூச்சு 140 டிகிரி செல்சியஸ் அளவில் சுடப்படுகிறது. டிங்கரிங் கடையில் அத்தகைய வெப்பத்துக்கு இடமில்லை, ஏனெனில் இருக்கையும் வயர்களும் காருக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ 60 டிகிரியில் உலர்த்தப்படும் பூச்சிலிருந்து கரைப்பான் முழுமையாக வெளியேறச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், புதிதாக அடித்த பகுதியை அதுவரை மூடாமல் வைப்பதே முறை.

கடலோரப் பகுதிகளில் உப்பும் இச்சுழற்சியில் சேர்கிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானே ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகிவிடும் இயல்புடையது. திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ நிற்கும் காரின்மேல் படிந்த உப்புத்துகள், மழையே இல்லாத இரவிலும் நனைந்திருப்பதற்கு இதுவே காரணம். கதவின் கீழ்விளிம்பிலும் கல்பட்டுத் தெறித்த புள்ளிகளிலும் எஃகு வெளிப்பட்டிருந்தால் துரு அங்கே தொடங்குகிறது. மூடிய கவருக்குள் காற்றோட்டம் குறைந்து ஈரப்பதம் உயர்ந்தே இருக்கும் என்பதால், உப்பைக் கழுவாமல் மூடுவது துருவுக்கு ஏற்ற சூழலை உருவாக்கித் தருவதாகும். இருட்டும் கதகதப்புமான அதே இடத்தை எலிகளும் விரும்புகின்றன. வாரக்கணக்கில் திறக்கப்படாத காரின் வயர்கள் கடிபடுவது பெயிண்டைவிடப் பெரிய செலவாகிவிடும்.

துணியின் தரம்

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வெள்ளி நிறக் கவர், பாலியெஸ்டர் டஃபெட்டாத் துணியின்மேல் அலுமினியத் துகள் கலந்த பூச்சைக் கொண்டது. வெயிலைத் திருப்பி அனுப்பும் திறன் அதற்கு உண்டு. உட்புறத்தில் மென்மையான அடுக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. சில மாத வெயிலில் வெள்ளிப் பூச்சு பொடியாக உதிரத் தொடங்கும்போது, அந்தப் பொடியும் தூசியுடன் சேர்ந்துகொள்கிறது. தார்ப்பாயும் ரெக்சினும் மழையை முற்றிலும் தடுப்பவை. ஈரத்தையும் அதே உறுதியுடன் உள்ளே பூட்டிவைப்பவை. ரெக்சினில் உள்ள பிவிசி நெகிழியை வளையச் செய்யச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற சேர்மங்கள், வெப்பத்தில் கசிந்து தெளிபூச்சுக்குள் புகுந்து அதை இளக்கிக் கறைப்படுத்தவும் கூடும்.

இவற்றுக்கு மாற்றாக அமைந்தவை நுண்துளைப் படலம் கொண்ட பல அடுக்குத் துணிகள். நீர்த்துளியைவிடப் பன்மடங்கு சிறியதும் நீராவி மூலக்கூறைவிடப் பன்மடங்கு பெரியதுமான துளைகளைக் கொண்ட படலம், மழையை வெளியே நிறுத்தி ஆவியை வெளியேற விடுகிறது. 1969இல் அமெரிக்கரான ராபர்ட் கோர், டெஃப்லானைச் சட்டென்று இழுத்து விரித்து இத்தகைய நுண்துளைப் பொருளைக் கண்டறிந்தார். மழைச்சட்டைகளுக்குப் புகழ்பெற்ற அந்தக் கருத்தே, மலிவான பாலிபுரொப்பிலீனில் செய்யப்பட்டுக் கார் கவர்களுக்கும் வந்துசேர்ந்தது. பாலிபுரொப்பிலீன் தானும் புற ஊதாக் கதிரால் சிதையும் பொருளாகையால், தெளிபூச்சில் உள்ளது போன்ற நிலைப்படுத்திகள் அதற்கும் தேவை. கையால் கசக்கினால் நொறுங்கும் கவர், தன் காலம் முடிந்துவிட்டதை அறிவித்துவிட்டது. உட்புறத்தில் பஞ்சு போன்ற மென்மையான அடுக்கு, காரின் வடிவுக்கேற்பத் தைத்த அளவு, அடிவயிற்றின் குறுக்கே கட்டும் பட்டை ஆகிய மூன்றும் உரசலைக் குறைப்பவை. ஆனால் எந்த மென்மையும் இடையிலுள்ள மணலை மென்மையாக்காது என்பதை மறந்துவிடலாகாது.

யாருக்கு, எப்போது

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் முடிவு இரண்டு வினாக்களில் தங்கியுள்ளது: கார் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை நகர்கிறது, மூடும் நேரத்தில் அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. நாள்தோறும் ஓடும் கார் நாள்தோறும் தூசியோடு திரும்புகிறது. ஒவ்வொரு மாலையும் அதைக் கழுவி உலர்த்திய பின் மூடுவோர் மிக அரிது. அத்தகைய காருக்குத் திறந்த வெளியிலும் கவர் வேண்டியதில்லை. அதன் தெளிபூச்சு வெயிலைத் தாங்கவே வடிவமைக்கப்பட்டது, உரசலைத் தாங்க அன்று. மாதத்துக்கு ஒருமுறை ஓடும் காருக்கோ, குடும்பம் வெளிநாடு செல்லும்போது ஆறு மாதம் நிற்கப்போகும் காருக்கோ கணக்கு வேறு. அங்கே கவர் ஒருமுறை போடப்பட்டு ஒருமுறை எடுக்கப்படுகிறது. உரசல் மிகச் சிறிது, வெயிலும் எச்சமும் தாக்கும் காலம் மிக நீண்டது. நன்கு கழுவி, முற்றிலும் உலர்த்தி, என்ஜின் ஆறிய பின், காற்று ஊடுருவும் கவரை இறுகக் கட்டி மூடுவது அத்தகைய காருக்குச் சிறந்த காப்பு. அடுக்ககத்தின் தூண்தளத்தில் நிற்கும் காருக்கு வெயிலும் மழையும் எட்டாத நிலையில், கவரின் பயன் தூசியைத் தடுப்பதோடு முடிந்துவிடுகிறது; அதற்கு மென்மையான பருத்திக் கவர் போதும், அதுவும் அடிக்கடி ஓடாத காருக்கு மட்டும்.

தொடாமல் நிழல் தருவது எதுவோ அதுவே எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் காப்பு. தகரக் கூரையிட்ட ஷெட்டோ, நான்கு கம்பங்களில் கட்டிய பச்சை நிற நிழல்வலையோ கதிரைத் தடுக்கும் வேலையில் கவரின் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. உரசுவதும் இல்லை, ஈரத்தைப் பூட்டுவதும் இல்லை. மெழுகும் செராமிக் பூச்சும் அழுக்கு ஒட்டாமல் எளிதில் கழுவ உதவுபவை. வெயிலுக்கு எதிரான கேடயமாக அவற்றை எண்ணுவது மிகை. பெயிண்டின்மேல் ஒட்டப்படும் பாலியூரித்தேன் பாதுகாப்புப் படலம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் வரை, அதாவது பெயிண்டைவிடவும் தடிமனானது. உரசலை அது தானே வாங்கிக்கொள்ளும், விலையும் அதற்கேற்ப உயர்ந்தே இருக்கும்.

கவரைத் தவிர்க்க இயலாத இடங்களில் அதைக் கையாளும் முறை சேதத்தைப் பெரிதும் குறைக்கும். இருவர் சேர்ந்து துணியைத் தூக்கி எடுப்பதும், எலாஸ்டிக் விளிம்பைப் பெயிண்டில் படாமல் மடித்து மேலே கொண்டுவருவதும், உட்புறம் உட்புறத்தோடு சேருமாறு மடிப்பதும், கவரையும் அவ்வப்போது துவைப்பதும் அம்முறையின் கூறுகள். இவற்றின் பயனை அளக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கவர் பயன்படுத்தத் தொடங்கும் நாளில் டிக்கியின் மூலையையும் கதவின் நடுப்பகுதியையும் இரவில் டார்ச் ஒளியில் படமெடுத்து வைத்து, ஒரு மாதம் கழித்து அதே இடங்களை அதே ஒளியில் மீண்டும் எடுத்து ஒப்பிட்டால் போதும். கதவைவிட மூலையில் வலைக்கீறல் தெளிவாகக் கூடியிருந்தால், அந்தக் காருக்கு, அந்த இடத்தில், அந்தக் கவர் காப்பதைவிடக் கெடுப்பதே மிகுதி என்று கொண்டு அதை நிறுத்திவிடலாம். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் தயக்கமின்றித் தொடரலாம்.